ஒன்பதாம் துளையில் ஊற்றிய மஞ்சள்

21 ஏப்ரல் 1992, செவ்வாய்க்கிழமை

இன்று சைட் ரிஜிஸ்டரில் ஒன்பதாம் துளைக்கு நேரே ‘நல்ல துளை’ என்று எழுதிவிட்டேன். அது தவறு. மாலையில் எங்கள் சைட் இன்ஜினியர் அண்ணாதுரை சார் பார்த்துவிட்டு, “இது என்ன போர்வெல்லா மேரி, நல்லது கெட்டதுன்னு எழுதறதுக்கு?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, களைப்பாகக் கேட்டார். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. அந்த வரியை அடித்துவிட்டு ‘இருபத்தேழு அடியில் தண்ணீர்’ என்று எழுதினேன்.

எப்படித் தவறினேன் என்று எழுதிவைத்தால் மறுபடி தவற மாட்டேன் என்று ஒரு நம்பிக்கை. இதுவரை அது பலித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நாகலூர் சாலையில், சரிவில் கட்டிய மருந்தகத்தின், அதாவது கட்டில்கள் போட்ட சின்ன ஆஸ்பத்திரியின், பின்சுவர் போன நவம்பர் மழையில் விரிந்துவிட்டது. விரிசலுக்குள் என் கை மணிக்கட்டுவரை போகிறது. வெட்டிக் கொட்டிய மண்ணின்மேல்தான் அந்தச் சுவர் இத்தனை வருடம் நின்றிருக்கிறது என்பது இப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. இடித்துக் கட்ட மருந்தகத்தை நடத்துகிறவர்களுக்கு வசதி இல்லை. அதனால் சுவரை ஒட்டி வரிசையாகச் சிறு துளைகள் போடுகிறோம். ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கும் குறைந்த அகலம். மண்ணையும் அதில் புதைந்த உருண்டைப் பாறைகளையும் தாண்டி அடிப்பாறைவரை துளைத்து, நடுவில் தடித்த கம்பி ஒன்றை இறக்கி, சிமெண்ட் பால் ஊற்றி நிரப்ப வேண்டும். அது இறுகினால் ஒரு கால். அப்படிப் பன்னிரண்டு கால்கள். பிறகு அவற்றின் தலைகளைச் சேர்த்துக் கட்டி, சுவரின் பாரத்தை அவற்றின்மேல் ஏற்றுவார்கள். மைக்ரோ பைல் என்று சார் சொல்கிறார். மருந்தகத்து நர்ஸ், சுவருக்கு ஊசி போடுகிறோம் என்கிறார்.

துளை போடுகிறவர் சின்னையன். திருச்செங்கோட்டுக்காரர். அவரும் அவருடைய இரண்டு ஆட்களும் போர்வெல் லாரியிலேயே வளர்ந்தவர்கள். லாரி இந்தச் சரிவில் இறங்காது என்பதால் கம்ப்ரசரைச் சாலையில் நிறுத்திவிட்டு, முக்காலி நட்டு, காற்றுக் குழாயைக் கீழே இழுத்து வந்து துளைக்கிறார்கள். சித்திரை வைகாசிதான் அவர்களுக்குச் சமவெளியில் வேலை குவியும் காலம். இங்கே மாட்டிக்கொண்டோமே என்று தினமும் ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.

முதல் எட்டுத் துளைகளிலும் சிவப்புத் தூள், பிறகு சாம்பல் தூள், அவ்வளவுதான். இன்று ஒன்பதாவதில் தூள் திடீரென்று ஈரமானது. பிறகு சேறு தெறித்தது. பிறகு தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியது. சின்னையன் அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து வானத்தில் வீசினார்.

“தண்ணி! ரைட்டரம்மா, தண்ணிங்க! நல்ல துளைன்னு எழுதுங்க!”

அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் விசிலடித்தார்கள். தண்ணீரைக் கண்டால் சந்தோஷப்பட்டே பழகியவர்கள். அவர்கள் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகிவிட்டது. எழுதிவிட்டேன். நம்முடைய வேலைக்குத் தண்ணீர் வேண்டாத விருந்தாளி என்பது அப்போது எனக்கு நினைவில்லை.

தண்ணீர் கண்டால் பூசை போடாமல் அவர்கள் துளையைவிட்டு நகர மாட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள். வேலை தொடங்கியதிலிருந்து சாக்குப் பையில் பத்திரமாக வைத்திருந்த மஞ்சள்தூளில் பாதியை, அரைக் கிலோவாவது இருக்கும், ஒரு வாளியில் கரைத்துத் துளைக்குள் ஊற்றினார்கள். சைட்டில் தண்ணீரும் டீயும் பார்த்துக்கொள்கிற பாவாயிக்கா குடத்தோடு வந்து, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

“ஏனுங் டிரில்லரே, வெள்ளிக்கெழம இதே துளையத்தான சிமிட்டி போட்டு அடைக்கப் போறீங்க? அதுக்கு எதுக்குங்க தேங்கா?”

“கையி பழகிப் போச்சுங்க அக்கா. தண்ணியப் பாத்துட்டுச் சும்மா வந்தா நெஞ்சு கேக்காது.”

“அப்பறம் அந்தத் தேங்கா மூடியில ஒண்ணக் குடுங்க. எங்கூட்டுச் சட்டினிக்கு நெஞ்சு கேக்கும்.”

சார் இந்தத் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படவில்லை. ரப்பர் குழாயை அடிவரை இறக்கி, கீழிருந்து சிமெண்ட் பால் ஏற்றினால், அது தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்றார். ஒன்பதுக்கும் பத்துக்கும் வெள்ளிக்கிழமை காலை ஊற்றுவதாகத் திட்டம்.

மாலை டைப்ரைட்டிங் வகுப்பில் வழக்கம்போல் அன்றைய ரிப்போர்ட்டையே பயிற்சியாக அடித்தேன். சுண்டுவிரல் ஒத்துழைக்கவில்லை. நாகலூர் பஸ்ஸில் நின்றபடியே கண்ணை மூடினேன்.

22 ஏப்ரல், புதன்கிழமை

காலையில் துளைகளின் ஆழத்தைச் சரிபார்ப்பது என் வேலை. இரும்புக் குண்டில் வெள்ளைத் துணி சுற்றி, டேப்பில் கட்டி இறக்குவேன். இரவில் பக்கம் இடிந்து விழுந்திருந்தால் ஆழம் குறைந்து காட்டும், அடியில் சேறு இருந்தால் துணி சொல்லும். ஒன்பதாம் துளையில் ஆழம் சரியாக இருந்தது. துணி வெள்ளையாகவே வந்தது.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அரைக் கிலோ மஞ்சள் உள்ளே போயிருக்கிறது. துணியில் ஒரு கீற்றாவது ஒட்டியிருக்க வேண்டும். மறுபடி இறக்கினேன். மறுபடியும் வெள்ளை.

சின்னையன் அண்ணனிடம் கேட்டேன். “மஞ்ச எங்கியோ படிஞ்சிருக்குமுங்க ரைட்டரம்மா. குண்டு படாத பக்கமாப் பாத்துப் படிஞ்சிருக்கும். ஈரோட்டு மஞ்ச, வெவரமானது” என்றார். ஆட்கள் சிரித்தார்கள்.

சாரிடம் சொல்லவில்லை. நேற்றுத்தான் ஒரு தவறு. இன்று காலையிலேயே போய், துணி அழுக்காகவில்லை என்று புகார் சொன்னால் என்ன நினைப்பார் என்று யோசித்தேன். மஞ்சள் தண்ணீரில் கரைந்து மெலிந்திருக்கும் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, பத்தாம் துளையின் தூளை மாதிரிக்காகப் பொட்டலம் கட்டப் போய்விட்டேன்.

பாவாயிக்கா இன்று தண்ணீர் கொண்டுவர நேரமாகிவிட்டது. சரிவுக்குக் கீழே, காப்பித் தோட்டத்தைத் தாண்டி, அவர்கள் ஊர். பத்துப் பன்னிரண்டு வீடுகள்தான். கீழ்க்காடு என்பார்கள். ஊருக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு ஊற்று. கோடையில் சுண்டுவிரல் தடிமனுக்குத்தான் விழும், ஆனால் நின்றதில்லை. குடிக்க, சமைக்க, ஆடுமாடுக்கு எல்லாம் அது ஒன்றுதான். சைட்டுக்கு அக்கா கொண்டுவருகிற குடமும் அங்கே நிரப்பியதுதான். அடுத்த தண்ணீர் எஸ்டேட் வேலிக்குள் இருக்கிறது. அங்கே வாட்ச்மேன் மனசு வைக்க வேண்டும்.

“ஏங்க்கா இவ்வளவு நேரம்?”

“ஊத்துல கூட்டம் கண்ணு. குடம் வெக்க எடமில்ல.” குடத்தை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார். “நேத்து பொழுது சாயறதுக்கு முன்ன தண்ணி கலங்கலா வந்துச்சாம். அப்பறம் பாத்தா மஞ்சளா வந்துச்சாம். கண்ணாயிதான் மொதல்ல பாத்தா. கத்துன கத்துல ஊரே ஓடியாந்துச்சு. அம்மன் எறங்கிட்டான்னு வேப்பல கட்டி, கல்லுக்குக் குங்குமம் வெச்சாச்சு. வெள்ளிக்கெழம பொங்கல். நீயும் வந்துரு கண்ணு.”

“நீங்க பாத்தீங்களாக்கா?”

“நான் இங்க உங்களுக்கு டீ வெச்சுக்கிட்டிருந்தேன். அம்மன் வர்ற அன்னிக்குத்தான் எனக்கு எச்சப் பாத்திரம்.”

அவர் நம்பினாரா இல்லையா என்று முகத்திலிருந்து தெரியவில்லை. நான் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். இப்போது இதை எழுதும்போது, அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. உறைக்கவில்லை. மாலை வகுப்பில் ‘துளை 9, ஆழம் முப்பத்து நான்கு அடி, மாற்றமில்லை’ என்று அடித்துக்கொண்டிருந்தபோது கை நின்றது. மாற்றம் இல்லையா? மஞ்சள் எங்கே போயிற்று என்று காலையில் கேட்டேன். எங்கே போயிற்று என்று மதியம் பாவாயிக்கா சொல்லிவிட்டார். இரண்டையும் பக்கத்தில் வைக்க எனக்கு ஒரு பகல் தேவைப்பட்டிருக்கிறது.

நின்ற தண்ணீராக இருந்தால் மஞ்சள் துளையிலேயே இருந்திருக்கும். போய்விட்டது என்றால் அது ஓடுகிற தண்ணீர். உருண்டைப் பாறைகளுக்கு நடுவே மண் அரித்து வழி உண்டாகியிருக்கிறது. அந்த வழி கீழ்க்காட்டு ஊற்றில் போய்த் திறக்கிறது. அப்படியானால் வெள்ளிக்கிழமை ஊற்றுகிற சிமெண்ட் பாலும் மேலே வராது, மஞ்சள் போன வழியிலேயே போகும். போய், வழியிலேயே இறுகிவிடும். மஞ்சள் ஒரு பொழுதில் கழுவிப் போய்விட்டது. சிமெண்டை எதைக் கொண்டு கழுவுவது? ஊற்று அடைபட்டால் அடைபட்டதுதான்.

இதெல்லாம் என் கற்பனையாகவும் இருக்கலாம். நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. ஊரில் யாராவது மேலே எங்காவது மஞ்சள் கழுவியிருக்கலாம். நாளை சாரிடம் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நான்குமே சரியாக இல்லை.

23 ஏப்ரல், வியாழக்கிழமை

இன்று நடந்ததை வரிசை மாறாமல் எழுத வேண்டும். உடம்பு அசதியாக இருக்கிறது. வகுப்புக்குப் போகவில்லை.

சார் வந்ததும் சொன்னேன். பஸ்ஸில் யோசித்த எதுவும் வாயில் வரவில்லை. துணி, மஞ்சள், ஊற்று என்று முன்பின்னாகச் சொன்னேன். அவர் சிமெண்ட் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து கேட்டார். மூட்டைகளைப் பனிக்குப் பயந்து தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம். மூட்டை கட்டி தட்டினால் சேலத்துக் காண்ட்ராக்டர் முதலாளி அவரைத்தான் கேட்பார்.

“ஏம்மா, இந்த மலையில திரும்பின பக்கமெல்லாம் ஊத்து. துணி வெளுப்பா வந்துச்சுன்னு வேலைய நிறுத்துனா முதலாளி என்னய என்ன கேப்பாருன்னு தெரியுமில்ல?”

“தெரியுங்க சார்.”

“சனிக்கிழம சின்னையன் ஆளுங்க கெளம்பறாங்க. கோடை மழை எப்ப வேணாலும் எறங்கும். மழை எறங்கி அந்தச் சுவர் இன்னும் கொஞ்சம் நகந்துச்சுன்னா, உள்ள படுத்திருக்கிறவங்களுக்கு யாரு பதில் சொல்றது?”

அதுவும் நியாயம்தான். விரிசலை ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். பிறகு, “மறுபடி ஒரு தடவ மஞ்சள் ஊத்திப் பாக்கலாங்களா சார்? நான் கீழ போய் உக்காந்து பாக்கறேன்” என்றேன்.

“வரலைன்னா?”

“வரலைன்னா நல்லதுதானுங்க சார். நான் பொய்யாப் போனா எல்லாருக்கும் நல்லதுதான்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “போ. மத்தியானம் வரைக்கும்தான்” என்றார்.

சின்னையன் அண்ணன் சுலபத்தில் மசியவில்லை. மீதி மஞ்சளை அடுத்த சைட்டுக்கு வைத்திருக்கிறாராம். அது மட்டுமல்ல.

“சாமிக்கு ஒருக்கா ஊத்துனதுங்க. அதையே திரும்ப ஊத்தி, வருதா வரலியான்னு பாத்தா, அது சாமியச் சோதிக்கற மாதிரி ஆயிருங்க ரைட்டரம்மா.”

“சாமிய இல்லண்ணா. துளையச் சோதிக்கிறோம்.”

“உங்களுக்கு ரெண்டும் வேற. எங்களுக்குத் துளைதானுங்க சாமி.” சொல்லிவிட்டு அவரே சாக்குப் பையை எடுத்தார். “சரி. இது உங்க பேர்ல ஊத்தறதுங்க. கோவம் வந்தா உங்க மேலதான் வரோணும்.”

நாங்கள் கீழே போய்ச் சேர்ந்தபின் ஊற்றச் சொல்லிவிட்டு, பாவாயிக்காவோடு காப்பித் தோட்டத்துக் குறுக்குவழியில் இறங்கினேன். வழியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா நடையை நிறுத்தவில்லை. ஒரு காப்பிக் கிளையை ஒதுக்கிப் பிடித்து என்னைப் போகவிட்டுவிட்டு, “அப்ப அம்மன் திருச்செங்கோட்டு லாரியில வந்திருக்கறா” என்று மட்டும் சொன்னார்.

ஊற்றில் நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். நாளைய பொங்கலுக்குப் பானைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பாறை இடுக்கில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அதன் அடியிலிருந்து தண்ணீர் நூலாக விழுந்து, கல் தொட்டியில் நிரம்பிக்கொண்டிருந்தது. கண்ணாயி என்னைப் பார்த்ததும், “அட, ரைட்டரம்மாவும் அம்மனப் பாக்க வந்துட்டாங்க” என்று இடம் விட்டார். எனக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது.

தண்ணீர் தெளிவாக விழுந்தது. ஒரு பானை தேய்த்து முடிந்து அடுத்த பானை எடுத்தார்கள். தண்ணீர் தெளிவாகவே விழுந்தது. தொட்டி வழிந்தது. பெண்கள் யாருடைய மருமகளையோ பற்றிப் பேசினார்கள், சிரித்தார்கள். நிழல் பாறையைவிட்டு நகர்ந்தது. எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. ஒரு காலை வேலையைக் கெடுத்துவிட்டு, சின்னையன் அண்ணனின் மஞ்சளையும் தீர்த்துவிட்டு, என்ன சொல்லிக்கொண்டு மேலே போவது? சார் பேனாவை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். அதை நினைத்தே எழுந்தேன்.

“போலாங்க்கா.”

“இரு கண்ணு” என்றார் பாவாயிக்கா. தண்ணீரைக் கையில் பிடித்து முகர்ந்தார். அவர் முகத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன். பிறகு கண்ணுக்கும் தெரிந்தது. விழுகிற நூல் மெல்லப் பழுத்த இலையின் நிறமானது. பிறகு நல்ல மஞ்சள். தொட்டிக்குள் அது புகைபோலப் பரவியது.

கண்ணாயி பானையைப் போட்டுவிட்டு எழுந்து குலவையிட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் விழுந்தாள். இவர்களிடம் இதைச் சொல்ல வேண்டியது நான்தான். அதுவும் நான் சர்ச்சுக்குப் போகும் வேதக்கார வீட்டுப் பெண். உங்கள் அம்மன் அம்மன் இல்லை என்று நான் சொன்னால் அது எப்படிக் காதில் விழும்? பாவாயிக்கா சொல்வார் என்று அவரைப் பார்த்தேன். அவர் ‘நீதான் பாக்க வந்தே’ என்பதுபோலத் தாடையை மட்டும் அசைத்தார்.

“அது அம்மன் இல்லீங்க” என்றேன். குலவைக்கு நடுவில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “மேல எங்க துளையில ஊத்துன மஞ்சளுங்க. செவ்வாக்கெழமையும் ஊத்துனாங்க. இப்ப நான் ஊத்தச் சொன்னேன். இங்க வருதான்னு பாக்கறதுக்கு.”

குலவை ஒவ்வொரு வாயாக நின்றது. விழுந்திருந்தவள் தலையைத் தூக்கினாள். கண்ணாயி என்னருகே வந்தார்.

“அப்ப ரெண்டு நாளா நாங்க கும்புட்டது உங்க டிரில்லரு வாளி கழுவுன தண்ணியவா?”

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். அடக்க முடியவில்லை. இன்னொருத்தியும் சிரித்தாள். கண்ணாயி மட்டும் சிரிக்கவில்லை.

“சொல்லு சாமி. எங்களக் கேக்காம எங்க ஊத்துல மஞ்சளக் கரைச்சு உட்டுட்டு, வந்து குந்தி வேடிக்க பாத்தியா?”

“மன்னிச்சுக்கங்க. மொதல்ல உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும். எனக்கே நம்பிக்கையில்ல. அதனாலதான் சொல்லல.” இதற்குமேல் சுற்றிவளைக்க எனக்குத் தெம்பில்லை. “நாளைக்கு அதே துளையில சிமெண்ட் பால் ஊத்தப் போறாங்க.”

எல்லோரும் தொட்டியைப் பார்த்தார்கள். மஞ்சள் இப்போது விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது.

“அதுவும் இப்படியே வருமா?” என்றார் கண்ணாயி. குரல் மாறியிருந்தது.

“வருமுங்க. வந்து இறுகிருமுங்க.”

அவர் தேய்த்த பானையை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். தொட்டித் தண்ணீரை ஒரு செம்பில் மொண்டார். “நடங்கடி” என்றார்.

எனக்கு முன்னால் அவர்கள் மேடேறிவிட்டார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, ஒன்பதாம் துளையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். நடுவில் அந்தச் செம்பு. சின்னையன் அண்ணன் காற்றுக் குழாயைக் கையில் வைத்தபடி, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

“ஏனுங் சார்” என்றார் கண்ணாயி, “இந்த ஆசுபத்திரி செவுத்துக்குக் கால் வெக்கறீங்க, சரி. அதுக்கு எங்க ஊத்த மிதிச்சா வெப்பீங்க? எங்கூட்டுப் பிள்ளைக ரெண்டும் இங்கதான் பொறந்துச்சுக. செவுரும் வேணும், ஊத்தும் வேணும். ரெண்டையும் வெச்சுக்கிட்டு எப்படிச் செய்யறதுன்னு நீங்கதான் சொல்லோணும். நாங்க உக்காந்திருக்கறோம்.”

சார் செம்பை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மருந்தகத்துக்குள் போய்ச் சேலத்துக்கு போன் போட்டார். கதவு திறந்திருந்தது. “இல்லீங்க... இல்லீங்க முதலாளி, அடைச்சா கேஸ் ஆயிடும்... கலெக்டர் வரைக்கும் போவாங்க... நானேதான் பாத்தேன்” என்று அவர் சொல்வது கேட்டது. நானேதான் பாத்தேன் என்று அவர் சொன்னதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அப்படிச் சொல்லாவிட்டால் முதலாளி கேட்டிருக்க மாட்டார்.

வெளியே வந்து எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். ஒன்பதாம் துளையில் கம்பியும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. அதை அப்படியே விட்டுவிட்டு, இரு பக்கமும் தள்ளி இரண்டு புதுத் துளைகள். அவற்றில் மேலிருந்து அடிப்பாறைவரை இரும்புக் குழாயை இறக்கி, சிமெண்ட் பாலைக் குழாய்க்குள்ளேயே ஊற்றுவது. பால் குழாயைவிட்டு வெளியே போகாது. பத்தாம் துளைக்கும் அதே வைத்தியம்தான். அங்கே தண்ணீர் தென்படாவிட்டாலும்.

“குழாய எறக்குனப்பறமும் ஒழுகாதுன்னு என்னங்க நிச்சயம்?” என்று பாவாயிக்கா கேட்டார்.

சார் பதில் சொல்வதற்கு முன் நான் சொன்னேன். “ஒவ்வொரு குழாய்க்குள்ளயும் மொதல்ல மஞ்சத் தண்ணி ஊத்தறோம். நீங்க ஊத்துல பாருங்க. வரலைன்னு நீங்க சொன்னப்பறம்தான் சிமெண்ட்.” சொன்ன பிறகுதான் சாரைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

சின்னையன் அண்ணன் காற்றுக் குழாயைக் கீழே போட்டார். “அப்ப சனிக்கெழம ஊடு போய்ச் சேர்ற மாதிரி இல்ல. அங்க போர் போடச் சொல்லி எங்க லாரிக்கு ஆளுங்க வரிசையில நிக்கறாங்க. இங்க நான் துளைக்குத் துளை பூசாரி.”

“பழக்கந்தானுங்களே” என்றார் பாவாயிக்கா. “தேங்கா மட்டும் எங்களுக்கு.”

இந்த முறை கண்ணாயியும் சிரித்துவிட்டார். ஆனால் போகும்போது என் பக்கம் திரும்பாமலே போனார். பாதி வழியில் நின்று, “பொங்கல் நாளைக்கு உண்டு. பானை தேச்சாச்சு. அம்மன் எந்த வழியில வந்தாலும் ஊத்து நிக்கல” என்று கீழே பார்த்துச் சொன்னார். அது எனக்கா, அவருடைய ஆட்களுக்கா என்று தெரியவில்லை.

பெண்கள் போனபின் சார் என்னைக் கூப்பிட்டார். “துணி வெளுப்பா வந்துச்சுன்னு நேத்துக் காலையிலயே சொல்லியிருக்கலாமில்ல?”

“திட்டுவீங்கன்னு நெனச்சேன் சார்.”

“திட்டியிருப்பேன்” என்றார். “அதுக்காகச் சொல்லாம இருக்காதே.” பிறகு தார்ப்பாயைத் தூக்கி மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். ஒன்று ஓரத்தில் கட்டி தட்டியிருந்தது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நானாகப் பார்த்தேன்.

மேற்கே மேகம் கட்டியிருக்கிறது. இன்று மழை வராது என்று நர்ஸ் சொல்கிறார். விரிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். நேற்றுப்போலத்தான் இருக்கிறது, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. சுவர் இன்னும் பிடிமானம் இல்லாமல்தான் நிற்கிறது. வேலை ஒரு வாரம் நீள்கிறது. ஊற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதற்குமேல் இன்று எதையும் முடிவாக எழுத எனக்குத் தைரியம் இல்லை.

நாளை: ஒன்பதாம் துளையின் வாயைத் தகரத்தால் மூடி, மேலே கல் வைத்து, ‘ஊற்ற வேண்டாம்’ என்று பெயிண்டில் எழுத வேண்டும். அதன் இரு பக்கமும் இரண்டடி தள்ளிப் புதுத் துளைகளுக்குச் சுண்ணாம்பால் குறி போட வேண்டும். இரும்புக் குழாய் ஏற்றிய லாரி குப்பனூர் வழியாக வருகிறது. சாலைக்குப் போய் நின்று அதற்கு வழி காட்ட வேண்டும். மஞ்சள் தீர்ந்துவிட்டது. கடைத்தெருவில் ஒரு கிலோ வாங்க வேண்டும்.